நடுக்கதிரைக்காரர்

பெண் விடுதலையில் யாழ்ப்பாணத்து ஆண்களுக்கு என்ன இடம் என்று யாரும் கேட்டால் மறுமொழி கைவசம் இருக்கிறது: நடுக்கதிரை. மகளிர் தினக் கூட்டம் ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். மேடையில் ஐந்து கதிரை. நடுவில் பொன்னாடைக்குக் கழுத்தை நீட்டியபடி தலைவர். வலப்பக்கம் பிரதம விருந்தினர், இடப்பக்கம் சிறப்பு விருந்தினர். மூவரும் வேட்டி. குத்துவிளக்குக்குத் திரி போட்டவர், தேவாரம் பாடியவர், வடையும் தேத்தண்ணியும் சுமந்து வந்தவர் எல்லாம் சேலை. தலைவர் முக்கால் மணித்தியாலம் பெண்களைப் பேச விடவேண்டும் என்று பேசுவார்.

இது நேற்றைக்கு வந்த பழக்கமில்லை. முந்நூறு வருடத்துக்கு மேலாக இந்த ஊரில் பெண்களுக்கு ஏதாவது கிடைத்ததென்றால் அதைக் கொடுத்தவர் ஓர் ஆண். கொடுக்கும்போது ஒரு நுனியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டவரும் அவர்தான். அந்தச் சரித்திரத்தை நல்லூர் வீதியில் இருந்துகொண்டு கொஞ்சம் மரியாதைக் குறைவாகச் சொல்லிப் பார்க்கலாம். கந்தன் கோபிக்க மாட்டான். வள்ளி, தெய்வானை என்று இரண்டு பேரை வைத்திருப்பவனுக்கு இந்த விஷயத்தில் வாய் திறக்க வழியில்லை.

1706ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவோம். கொழும்பிலிருந்த ஒல்லாந்த ஆளுநர் சீமோன்ஸுக்கு ஒரு தலையிடி. யாழ்ப்பாணத்தாருக்குள் காணிச் சண்டை ஓய்வதில்லை. எந்த வழக்கப்படி தீர்ப்புச் சொல்வதென்று யாருக்கும் தெரியவில்லை. இவர்களுடைய வழக்கங்களை எழுதித் தாரும் என்று கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவைக்குக் கட்டளை போகிறது. ஐசாக்ஸ் 37 வருடம் யாழ்ப்பாணத்தில் இருந்து பழம்தின்று கொட்டை போட்டவர். அவர் ஒல்லாந்த மொழியில் எழுதினார், யான் பீருஸ் என்பவர் தமிழாக்கினார், சரி பிழை பார்க்க 12 முதலிமாரிடம் கொடுத்தார்கள். பெண் யாரிடமாவது கேட்டார்களா என்று கேட்காதீர்கள். 1707 தொடக்கத்தில் தேசவழமை ரெடி.

அதைப் பிரித்து வாசிக்கிறவனுக்கு முதலில் ஒரு மயக்கம் வரும். தாய்வழிச் சொத்து சீதனமாக மகளுக்கு. தகப்பன்வழி முதுசம் மகனுக்கு. கலியாணத்துக்குப் பிறகு சேர்ந்தது தேடியதேட்டம். இளந்தாரிப்பெடியன் உழைத்துக் கொண்டுவருவதெல்லாம் கலியாணம் ஆகும்வரை வீட்டுப் பொதுவில் சேரும். அதிலிருந்துதான் அக்காமாருக்குச் சீதனம் போகும். தாய் தகப்பன் கடன்பட்டுச் செத்தால், முதுசமாக ஒரு பனைமரம்கூடக் கிடைக்காத மகனும் அந்தக் கடனை அடைக்க வேண்டும். கலியாணமானதும் மாப்பிள்ளை போய் இருப்பது பெண்சாதியின் சீதன வீட்டில். அட, இதை எழுதியது 12 முதலிமாரா, 12 மாமிமாரா?

மயக்கம் தெளிய 200 வருடம் போதும். 1806இல் ஆங்கிலேயர் தேசவழமைக்குச் சட்ட அந்தஸ்துக் கொடுத்தார்கள். 1911இல் யாழ்ப்பாணத்துக்கென்று திருமண உரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டம் ஒன்று வந்தது. மனைவியின் காணி மனைவிக்கே சொந்தம், புருசன்காரன் பட்ட கடனுக்கு அதில் கை வைக்க முடியாது என்று பெருந்தன்மையாகச் சொன்ன அதே சட்டம், அவள் அதை விற்கவோ ஈடு வைக்கவோ வேண்டுமானால் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றும் சொன்னது. கணவன் தன் காணியை விற்க மனைவியிடம் கேட்கத் தேவையில்லை. அவர் காணாமல் போனாலோ, காரணமில்லாமல் மறுத்தாலோ அவள் மாவட்ட நீதிமன்றத்தில் போய் விண்ணப்பிக்கலாம். புருசன் தராத சம்மதத்தை நீதிபதி தருவார்.

சட்டம் இன்றைக்கும் நல்ல சுகத்தோடு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் அரை நாள் குந்தியிருந்தால் பார்க்கலாம். அம்மாவின் அம்மா அவளுடைய அம்மாவிடம் வாங்கிய மூன்று பரப்புக் காணி, கல்வீடு, பங்குக் கிணறு. எல்லாம் ஒரு மனுசியின் பேரில் இருக்கும். உறுதியை மஞ்சள் பையில் சுற்றிக் கொண்டுவந்திருப்பா. "அவர் எங்கை?" என்பார் நொத்தாரிசு. அவர் பதினைந்து வருடமாகக் கனடாவில். "அப்ப அற்றோணித் தத்துவம் எடுப்பியுங்கோ." அந்தக் காணியில் ஒரு தென்னம்பிள்ளை வைத்திராத, வேலி அடைத்திராத, அது கிழக்கு வாசலா வடக்கு வாசலா என்று கேட்டால் முழிக்கிற மனுசனின் கையொப்பத்துக்காகக் கடுதாசி கடல் கடந்து போய்வரும்.

இடையில் வெள்ளைக்காரப் பாதிரிமாரின் பங்கு. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் செமினரி தொடங்குகிறது. பெடியன் அங்கே கணிதமும் வானசாத்திரமும் ஆங்கிலமும் படித்து, ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போவான். போய் மச்சாளைக் கட்டுவான். மச்சாள் வெள்ளிக்கிழமை விரதக்காரி. அடுத்த வருடம் பாதிரியார் பார்க்கப் போனால் பெடியனின் நெற்றியில் மூன்று குறி பட்டை. தலைமேல் கைவைத்து யோசித்த மிஷன், கிறிஸ்தவ மாப்பிள்ளைக்குக் கிறிஸ்தவப் பொம்பிளை வேண்டும் என்று கண்டுபிடித்தது. 1824இல் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் வந்தது. ஆசியாவிலேயே முன்னோடியான பெண் கல்விக்கூடங்களில் ஒன்று, படித்த மாப்பிள்ளைமாரைப் பாதுகாப்பதற்காகக் கட்டிய வேலி.

பெட்டைகளை அனுப்ப ஆர் சம்மதிப்பார்கள்? அதற்கும் மிஷன் வழி கண்டது: படித்து முடித்துக் கிறிஸ்தவனைக் கட்டுகிறவளுக்கு மிஷனே சீதனம் கொடுத்தது. சீதனத்தை ஒழிக்கக் கல்வி வேண்டும் என்று இன்றைக்குக் கட்டுரைப் போட்டியில் எழுதுகிற பிள்ளைகளிடம் இதை யாரும் சொல்லிவிட வேண்டாம். நியாயமாகச் சொல்வதானால் உடுவிலை நடத்தி எடுத்தவர் ஹரியற் வின்சுலோ என்ற பெண். 1833இல் இங்கேயே இறந்தும் போனார். நாங்கள் ஞாபகம் வைத்திருக்கிற வின்சுலோ அவருடைய கணவர் மிரோன். அகராதி போட்டவர்.

இனி நல்லூரின் பெரிய ஆளுக்கு வருவோம். ஆறுமுக நாவலர் 1822இல் நல்லூரில் பிறந்தவர். பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகமத்தைத் தமிழாக்கிக் கொடுத்தார், பிறகு 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார், அச்சுக்கூடம் போட்டார், கலியாணம் மட்டும் செய்யவில்லை. கலியாணம் செய்யாதவர் என்பதால் மனைவிமாரின் கடமை பற்றி அவருக்கு மிகத் தெளிவான அபிப்பிராயங்கள் இருந்தன. நான்காம் பாலபாடத்தில் கற்பு பற்றி ஒரு பாடம் உண்டு. அனுபவம் குறுக்கே வந்து குழப்பாததால் அந்த வசனநடையில் ஒரு சுத்தம்.

நல்லூர் கந்தசுவாமி கோயிலோடு நாவலருக்கு நீண்ட பகை. ஆகமப்படி கட்டவில்லை, ஆகமப்படி நடத்தவில்லை என்பதோடு, திருவிழாவில் தேவதாசிகளின் சதிர் வைப்பதை நிறுத்த வேண்டும் என்பது அவருடைய வாதம். பெண்ணைக் காட்சிப்பொருளாக்குவதை 19ஆம் நூற்றாண்டிலேயே எதிர்த்தார் என்று இதை வைத்தே அவருக்கு ஒரு பட்டம் கொடுத்துவிடலாம், கொடுக்கிறவர்களும் உண்டு. ஆடியவளின் பிழைப்புக்கு வேறு என்ன வழி என்பது அந்த வாதத்தில் இல்லை. நாவலரின் துண்டுப் பத்திரங்கள் எல்லாம் பிரபந்தத் திரட்டில் பத்திரமாக இருக்கின்றன. சதிர் ஆடிய பெண் ஒருத்தி எழுதிய பத்திரம் எதுவும் எங்கள் கையில் இல்லை.

அதே கோயிலில் ஆண்களுக்கென்று ஒரேயொரு கட்டுப்பாடு இன்றும் உண்டு: மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். இருபத்தைந்து நாள் திருவிழாவில் அமைச்சராக இருந்தாலும் தொந்தியோடுதான் வரவேண்டும். யாழ்ப்பாணத்தில் பெண்களின் உடுப்பைப் பற்றி ஆண்கள் எழுதிய வாசகர் கடிதங்களை எல்லாம் அடுக்கினால் கோபுரம் தட்டும். ஆண்களின் உடுப்பைப் பற்றிப் பேசிய ஒரே ஆள் முருகன்.

சரித்திரத்தின் ருசியான பகுதி மருதனார்மடத்தில் இருக்கிறது. நல்லூரிலிருந்து காங்கேசன்துறை வீதியைப் பிடித்து, கொக்குவில், கோண்டாவில், இணுவில் தாண்டினால் வரும். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் சொந்தக் காசில் அங்கே சைவப் பெண்களுக்கு ஒரு கல்லூரி கட்டினார். ஆண்களுக்குப் பரமேசுவராக் கல்லூரியைக் கட்டியது அதற்குப் பிறகுதான், 1921இல். பெண் பிள்ளைகளுக்கு முதலில், பெடியளுக்குப் பிறகு. இந்தக் கணக்குக்கே அவருக்கு ஒரு நடுக்கதிரை போடலாம்.

கல்லூரிக்கு அதிபராக அவர் பிடித்து வந்தவரைக் கேளுங்கள். புளோரன்ஸ் ஃபார். லண்டன் நாடக நடிகை. இப்சனின் நாடகத்தில் நடித்தவர், பெர்னாட் ஷாவின் முதல் நாடகத்திலேயே கதாநாயகி, சில காலம் ஷாவின் காதலியும். கவிஞர் யேற்சின் கவிதைகளை நரம்புக் கருவி ஒன்றை மீட்டியபடி மேடையில் ஓதியவர். மந்திர தந்திரம் பயிலும் இரகசியச் சங்கம் ஒன்றில் தலைமை வகித்தவர். விவாகரத்துப் பெற்றவர். 1910இல் நவீனப் பெண்ணின் எண்ணங்கள் பற்றி ஒரு புத்தகமே எழுதியவர். லண்டனில் இராமநாதனின் ஆன்மிகப் பேச்சைக் கேட்டு வசப்பட்டு, 1912இல் கப்பலேறி வந்து சேர்ந்தார்.

அந்தக் காலத்துச் சைவப் பெற்றோரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பக்கத்து உடுவிலுக்கு அனுப்பினால் பிள்ளை வேதத்தில் சேர்ந்துவிடும் என்று பயந்து, ஐயா கட்டின சைவக் கல்லூரிக்கு மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். பிள்ளையைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப்போகிறவர் ஷாவின் பழைய காதலி. அம்மாமாருக்குத் தெரியாது. ஐயாவுக்குத் தெரியுமா என்பது வேறு கதை. ஆனால் அந்த மனுசி பொறுப்பாகத்தான் இருந்தார். தமிழ் படித்தார், கல்லூரியை ஒழுங்குபடுத்தினார். மார்பகப் புற்றுநோய் வந்து 1917இல் கொழும்பில் காலமானார். யாழ்ப்பாணத்தில் பெண்ணியம் எப்போது வந்தது என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் மருதனார்மடச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கலாம்.

அதற்கிடையில் இந்த ஊர்ப் பெண் ஒருவர் யாருடைய கொடையும் இல்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மங்களம்மாள் மாசிலாமணி. வண்ணார்பண்ணையில் பெண்களுக்குச் சங்கம் வைத்தார், 1923இல் 'தமிழ் மகள்' என்று பத்திரிகை தொடங்கி ஆசிரியராக இருந்தார். இராமநாதனுக்குச் சிலை இருக்கிறது.

1927 முடிவில் அரசியலமைப்பை ஆராய டொனமூர் ஆணைக்குழு வருகிறது. அதே டிசம்பரில் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தோன்றுகிறது. செயலாளர் அக்னஸ் டி சில்வா; கணவர் கண்டிச் சட்டத்தரணி ஜோர்ஜ் ஈ. டி சில்வா, மனைவியின் பக்கம் நின்றவர். யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரைக் கட்டிய கனடிய வைத்தியர் மேரி இரட்ணமும் சங்கத்தில். ஆணைக்குழு கேட்டது: தேயிலைத் தோட்டத்து இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா? நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே என்றார் அக்னஸ். தேசியத் தலைவர்கள் ஆண்டுக்கணக்காகச் சுற்றிச் சுற்றிப் போன வேலி, ஒரு வசனத்தில் தாண்டப்பட்டது.

இனி மேடைக்கு வருகிறார் மகளிர் கல்லூரி கட்டிய வள்ளல். வயது எழுபத்தைந்துக்கு மேல். பெண்களுக்கு வாக்குரிமையா? கூடவே கூடாது என்றார். பெண்ணின் இராச்சியம் வீடு, அரசியல் புகுந்தால் அது கெட்டுவிடும் என்பது வாதம். அதோடு நிற்காமல் பைபிளில் இருந்து முத்தும் பன்றியும் வருகிற அந்த வசனத்தையும் எடுத்துவிட்டார். இந்துக்களின் தலைவர் பைபிளுக்கு ஏன் போனார் என்று கேட்கத் தேவையில்லை. அந்த வசனம் மத்தேயு 7ஆம் அதிகாரத்தில் இருக்கிறது, இராமநாதன் மத்தேயுவுக்கு உரையே எழுதி 1898இல் வெளியிட்டவர். மத்தேயுவைத் தமிழில் செப்பனிட உதவிய கை எங்கள் நல்லூர்க் கை என்பதும் நினைவிருக்கட்டும். இரண்டு பெரிய சைவர்களும் வேதாகமத்தில் எவ்வளவு பாடுபட்டார்கள்! பலன் முழுக்கப் பன்றிக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆணைக்குழு முப்பது வயது கடந்த பெண்களுக்கு மட்டும் கொடுக்கலாம் என்றது. கடைசியில் ஆண் பெண் இருபாலாருக்கும் 21 என்று முடிந்தது. 1930இல் கிழவர் லண்டன்வரை போய் அரசியலமைப்பை எதிர்த்துப் பார்த்தார். நடக்கவில்லை. அந்த நவம்பரிலேயே கண்ணை மூடினார். பிரான்சுப் பெண்களுக்கு 1944வரையும் சுவிஸ்காரிகளுக்கு 1971வரையும் கிடைக்காதது, உடுவிலிலும் நல்லூரிலும் அம்மி அரைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு 1931இல் கிடைத்தது.

கிடைத்ததா? அவசரப்படாதீர்கள். பிற்போக்குக் கிழவர் போனால் முற்போக்கு இளைஞர் இல்லையா? ஹண்டி பேரின்பநாயகம் 1924இல் தொடங்கிய சங்கம், பின்னாளில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ். தங்கமான பெடியள். சாதி கூடாது, இனவாதம் கூடாது, கதர் உடுத்த வேண்டும், 1927இல் காந்தியையே யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிவந்தவர்கள். டொனமூர் தந்தது முழுச் சுயராச்சியம் இல்லை, ஆகவே தேர்தலைப் பகிஷ்கரிப்போம் என்றார்கள். 1931 மே மாதம் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை நாலு தொகுதியிலும் ஒரு வேட்புமனுகூட இல்லை. பகிஷ்கரிப்பு வெற்றி. நாடெல்லாம் பெண்கள் முதல்முறையாக வாக்குப்போடப் போன ஜூன் மாதத்தில் யாழ்ப்பாணத்துப் பெண்கள் வீட்டில் இருந்தார்கள். பெண்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்று கிழவர் லண்டன் போயும் சாதிக்க முடியாததை, பெண்களும் சமம் என்றவர்கள் ஊரில் இருந்தபடியே சாதித்தார்கள்.

முதலில் நாடு, பிறகு உங்கள் விஷயம். இந்த வசனத்தை யாழ்ப்பாணத்துப் பெண்கள் பிறகும் கேட்டார்கள், அடுத்தமுறை துவக்கோடு வந்தவர்களின் வாயால். 1980களின் முடிவில் நல்லூரில் பூரணி என்று ஓர் இல்லத்தைப் பெண்கள் தாங்களாகவே தொடங்கினார்கள். பெண்களின் துயரத்தைப் பதிவுசெய்துகொண்டிருந்த வைத்தியர் ராஜனி திராணகம 1989 செப்டம்பர் 21இல் சைக்கிளில் வீடு திரும்பும்போது சுடப்பட்டார். பூரணியும் நீண்ட நாள் நிலைக்கவில்லை. இந்தப் பந்தியில் பகிடி விட எனக்குக் கை வராது. திரும்பவும் 1931க்குப் போகிறேன்.

ஆண்கள் பெண்களுக்கு இடம்விட்ட விதம் அந்த வருடத்தில் நன்றாகத் தெரிகிறது. அரசாங்க சபையின் முதல் பெண் உறுப்பினர் அட்லின் மொலமூரே. தகப்பன் மீதெனிய இறந்ததால் காலியான தொகுதியில் நவம்பரில் வந்தார். அடுத்தவர் முதல் தமிழ்ப் பெண் உறுப்பினர், நேசம் சரவணமுத்து. கணவர் வைத்தியர் இரத்தினசோதி சரவணமுத்து கொழும்பு வடக்கில் வென்று, தேர்தல் வழக்கில் பதவி இழந்தவர். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்குப் பி. சரா ஓவல் தெரியும். அந்தச் சரா இவருடைய தம்பி. 1932 மே மாத இடைத்தேர்தலில் மனைவி நின்றார், வென்றார். 1936இலும் வென்றார். பெண்ணியத்தில் தன் இடம் எது என்று மற்ற ஆண்கள் தேடிக்கொண்டிருந்த காலத்தில் டொக்டர் சரவணமுத்துவுக்கு அதை நீதிமன்றம் எழுத்தில் கொடுத்தது: எழும்பு. சும்மா சொல்லக்கூடாது, எழும்பின மனுசன் கெட்டுப்போகவில்லை. 1937இல் கொழும்பின் மேயரானார்.

வடக்கில் பகிஷ்கரிப்பு அலுத்து, 1934இல் நாலு தொகுதிக்கும் இடைத்தேர்தல் வந்தது. காங்கேசன்துறையில் வாக்குக் கேட்டு வந்தவர் நடேசன், இராமநாதனின் மருமகன். நல்லூர் அடங்கிய யாழ்ப்பாணத்துக்கு மகாதேவா, இராமநாதனின் தம்பி மகன். ஒருவருக்கு மாமாவும் மற்றவருக்குப் பெரியப்பாவுமான கிழவர் கொடுக்கவே கூடாது என்ற அந்த வாக்கு யாருடைய மடியில் இருந்ததோ, அந்த அம்மாமாரின் படலையில் இரண்டு பேரும் கும்பிட்டுக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. இரண்டு பேரும் சபைக்குப் போனார்கள்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம். மறைப்புக்குப் பின்னால் நிறம் நிறமாகப் பெட்டிகள் இருக்கும், கடுதாசியைக் கொண்டுபோய் விரும்பிய பெட்டிக்குள் போட வேண்டும். போட்டி நடந்த ஊர்களில் எத்தனை வீட்டுக்காரர் வழிநெடுக நிறத்தைச் சொல்லிச் சொல்லிப் பெண்சாதியைக் கூட்டிவந்திருப்பார்கள்! உள்ளே போகிறவள் தனியே போகிறாள். வெளியே வந்தவளிடம், "நீர் எந்தப் பெட்டியிலை போட்டனீர்?" என்று கேட்டிருப்பார்.

"நீங்கள் சொன்ன பெட்டியிலைதான்" என்று அவ சொல்லியிருப்பா. வீடு போய்ச் சேரும்வரைக்கும் அவருக்கு அந்தச் சந்தேகம் தீர்ந்திராது.